மஞ்சளாகும்வரை பொறு என்று சொன்னவனுக்கு

அன்பு மகன் ராய்ஸுக்கு அம்மா எழுதுவது. இங்கே கடவுள் தயவில் எல்லோரும் கால் ஊன்றி நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் உன் படகும் தண்ணீருக்கு மேல்பக்கமாகவே இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன், நீ எழுதினால்தானே தெரியும். கோடை முடிந்ததிலிருந்து உன்னிடமிருந்து வந்தது ஒரே ஒரு தபால் அட்டை, முன்பக்கம் கரடி, பின்பக்கம் நான்கு வரி, அதில் ஒரு வரி அங்கே மழை என்று. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், அப்பா அம்மாவோடு ஊர் ஊராகப் பழம் பறிக்கப் போனதில் அதற்குமேல் பள்ளிக்கூடம் வாய்க்கவில்லை, ஆனாலும் எனக்குக் கடிதம் எழுத வருகிறது. பன்னிரண்டு வகுப்பு படித்த உனக்கு வரவில்லை. இந்தக் கடிதம் நீளமாகத்தான் இருக்கும், நண்டுப் பொறியைத் தூக்கும் நேரம் போக மிச்ச நேரத்தில் உட்கார்ந்து கடைசிவரை படி, நடுவில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிடாதே, உன்னை எனக்குத் தெரியும்.

பறிப்பு ஒருவழியாக முடிந்தது. கடைசி வாரம் பனி முந்திக்கொண்டு வந்ததில் டேல் விடியுமுன்பே தோட்டத்துக்கு ஓடி ஓடி இளைத்துப்போனான், அண்ணனுக்கு ஒரு போன் செய்யக்கூடாதா நீ. அவன் பிள்ளைகள் இரண்டுக்கும் அம்மை போட்டது, இப்போது தேறிவிட்டார்கள். பெரியவள் கொரின் எழுத்துக்கூட்டும் போட்டியில் மாவட்டத்துக்கே முதலாவதாக வந்தாள், நான் சொல்லக்கூடத் தெரியாத வார்த்தையை அவள் திக்காமல் சொன்னாள், பத்திரிகையில் படம் வந்திருக்கிறது, தபால் நிலையத்தில் நிற்கிறவர்களிடம் எல்லாம் காட்டிவிட்டேன், உனக்கும் ஒரு பிரதி வைத்திருக்கிறேன். என் இடது மணிக்கட்டு பின்வாசல் படியில் சறுக்கியதில் பிசகிக்கொண்டது, கட்டுப் போட்டிருக்கிறது, எழுதுகிற கை வலது என்பதால் உனக்குத் தப்பிக்க வழியில்லை.

இப்போது உன் பெண்டாட்டி விஷயத்துக்கு வருகிறேன். நீ அவளை அங்கே வடக்கே கோடியாக் தீவில் மீன் தொழிற்சாலையில் பார்த்தாய், பிடித்தது, கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுக் கட்டிக்கொண்டாய், சரி. அவள் வயிற்றில் பிள்ளை வந்ததும், நான் நண்டு சீசனுக்குக் கடலுக்குப் போய்விடுவேன், அம்மா வீடு வெதுவெதுப்பாக இருக்கும், பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறது என்று அவளிடமும் கேட்காமல் என்னிடமும் கேட்காமல் ஒரு பெட்டியோடு விமானத்தில் ஏற்றிவிட்டாய். தபால் பார்சல்கூட முன்கூட்டிச் சீட்டு அனுப்பிவிட்டுத்தான் வருகிறது. லுஸ்விமிந்தா என்று அவள் பெயரைச் சொல்லவே எனக்கு மூன்று மூச்சு வேண்டியிருந்தது, மிண்டா என்று கூப்பிடுங்கள் என்று அவளே இரக்கப்பட்டுச் சுருக்கிக் கொடுத்தாள். என்னை நானாய் என்கிறாள், அவள் பிறந்த நாட்டுப் பேச்சில் அம்மா என்று அர்த்தமாம். சோறு மூன்று வேளையும் வேண்டும் என்கிறாள், உருளைக்கிழங்கைக் குறையாகத்தான் பார்க்கிறாள், மற்றபடி அவளைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, தேடியும் பார்த்தேன். மேசையருகே நின்று பழம் நறுக்கும்போது ஒரு காலைத் தூக்கி மறுகாலின் மேல் வைத்து மாற்றி மாற்றி நிற்கிறாள், தொழிற்சாலையில் சரக்கு ஓடுகிற பெல்ட்டின் முன்னால் வருஷக்கணக்கில் நின்றவர்கள்தான் அப்படி நிற்பார்கள். அவள் மீன் பிரித்தாள், நான் பேரிக்காய் பிரித்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

தோட்டக்காரர் சங்கத்துக் கிரேஞ்ச் மண்டபத்தில் அறுவடை விருந்து வந்தது. நம் வீட்டுத் தட்டு இல்லாமல் அந்த மேசை ஒரு வருஷமும் இருந்ததில்லை, உன் அப்பா இறந்த வருஷம்கூட இருந்தது. இந்த முறை வெண்ணெயை மாவில் உதிர்க்க எனக்கு இரண்டு கை இல்லை, ஆகவே பழத்தின் மேல் மாவு உதிர்த்துச் சுடுகிற நம் பேரிக்காய்க் கிரிஸ்ப்பை நீதான் செய்ய வேண்டும் என்று மிண்டாவிடம் சொன்னேன். ஓட்ஸ் எவ்வளவு, மாவு எவ்வளவு, பழுப்புச் சர்க்கரை எவ்வளவு, வெண்ணெய் குளிர்ந்தே இருக்க வேண்டும், விரல் நுனியால் தேய்த்தால் சின்னக் கூழாங்கல் மாதிரி உதிர வேண்டும் என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். குளிர்கிடங்கிலிருந்து டேல் ஒரு பெட்டி அஞ்சூ பேரிக்காய் கொண்டுவந்து சமையலறையில் வைத்தான். பழுத்ததும் எடுத்துப் பத்திரப்படுத்து என்று சொல்லிவிட்டு அம்மை போட்ட பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நான் டேல் வீட்டுக்குப் போய்விட்டேன். நீ துறைமுகத்திலிருந்து போன் செய்தது அந்தச் சமயத்தில்தான். அவள் பாவம் உன்னிடம் கேட்டிருக்கிறாள், பேரிக்காய் பழுத்தது எப்படித் தெரியும் என்று. நீ என்ன சொன்னாய். மஞ்சளாகும்வரை பொறு என்று சொன்னாய்.

ராய்ஸ், நீ பிறந்தது பேரிக்காய்த் தோட்டத்துக்கு நடுவில். உன் தொட்டிலே பழப்பெட்டியில்தான் செய்தது. மஞ்சளாகிறது பார்ட்லெட் ஜாதி. அஞ்சூ பச்சையாகவே பழுக்கும், பச்சையாகவே அழுகும், காம்புக்குக் கீழே கழுத்தைக் கட்டைவிரலால் அழுத்தித்தான் பார்க்க வேண்டும். இதைக் கொரினின் தம்பி சொல்வான், அவனுக்கு இன்னும் பூட்ஸ் கயிறு கட்டத் தெரியாது. உன் பேச்சை வேதவாக்காக எடுத்துக்கொண்டு அவள் தினமும் பெட்டியைத் திறந்து பார்த்து, இன்னும் பச்சை, இன்னும் பச்சை என்று மூடி வைத்திருக்கிறாள். விருந்து அன்று காலையில் நான் வந்து ஒன்றை எடுத்தால் விரல் உள்ளே போகிறது, தோல் மட்டும் அழகாக இருக்கிறது, உள்ளே பழுப்புக் கூழ். எனக்கு வந்த கோபத்தில், "கண்ணுதான் இல்ல, கையுமா இல்ல உனக்கு, ஒண்ணையாவது அமுக்கிப் பாத்திருக்கக் கூடாதா" என்று கேட்டுவிட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "அவர்தான் மஞ்சளாகட்டும்னு சொன்னாரு நானாய், அவருக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றாள். அவருக்குத் தெரியுமாம். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டியது உன்னிடம், நீ அகப்படவில்லை, அவள் அகப்பட்டாள்.

டேல் கிடங்கிலிருந்து வேறு பழம் கொண்டுவந்தான், எல்லாம் கல். அப்படியே ஓவனில் வைத்தால் மேல்மாவு கருகினாலும் பழம் வேகாது. இந்த வருஷம் நம் தட்டு இல்லை, அவ்வளவுதான் என்று நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் கனத்த இரும்புச் சட்டியை அடுப்பில் வைத்து அதில் வெறும் சர்க்கரையைக் கொட்டினாள், ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. கரண்டியும் போடாமல் சட்டியை மட்டும் தீயில் சாய்த்துச் சாய்த்துக் காட்டினாள். சர்க்கரை உருகித் தேன் நிறத்துக்கு வந்தது, பிறகு சிவந்தது, புகைய ஆரம்பித்தது. நான் பதறி எழுந்துபோய்ச் சட்டியை இறக்கினேன், அவள் திரும்ப ஏற்றினாள், திரும்ப இறக்கினேன். அவள் என் நல்ல கையைப் பிடித்து என்னை நாற்காலியில் உட்கார வைத்து, "தள்ளி இருங்க நானாய், இது எனக்குத் தெரியும். எங்க ஊர்ல முட்டையும் பாலும் போட்டு ஒண்ணு செய்வோம், அதுக்கு அடியில இந்தப் பாகுதான் ஊத்தணும். பத்து வயசுலேர்ந்து இது என் வேலை, சீக்கிரம் எறக்கினா இனிப்பு மட்டுந்தான் இருக்கும், ருசி இருக்காது" என்றாள். இந்தச் சமையலறையில் என்னை யாரும் அப்படி உட்கார வைத்ததில்லை, உன் அப்பா முயற்சி செய்ததுகூட இல்லை. செப்புக்காசு நிறம் வந்ததும் வெண்ணெயும் உப்பும் போட்டு, சீவி வைத்த பேரிக்காயைக் கொட்டினாள். பாகு சட்டென்று கல்லாக இறுகிக்கொண்டது, ஒழிந்தது என்று நினைத்தேன், அவள் தீயைத் தணித்து மூடி வைத்தாள். பழம் தண்ணீர் விட விடப் பாகு மறுபடி இளகி, அந்தக் கல்லுப் பழம் அதிலேயே முள்கரண்டி இறங்கும்படி வெந்தது. அதைக் கண்ணாடித் தட்டில் பரப்பி மேலே மாவை உதிர்த்து ஓவனில் வைத்தாள். ஓரமெல்லாம் கறுப்பாகக் கொதித்துக்கொண்டு வெளியே வந்தபோது அது என் கிரிஸ்ப் மாதிரி இல்லை. ஒரு வாய் தின்று பார்த்தேன். அதைப்பற்றி இப்போது பேச்சில்லை, எனக்குக் கோபம் ஆறவில்லை.

மண்டபத்து வழக்கம் உனக்குத் தெரியும், மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன், நீ எதையும் மறக்கிறவன். தோட்டக்காரக் குடும்பங்கள் பரிமாற வேண்டும், பறிக்க வந்தவர்கள் முன்வரிசை மேசையில் உட்கார்ந்து முதலில் சாப்பிட வேண்டும். நல்ல வழக்கம், என் அப்பா அம்மா அந்த மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்தான், நானும் அங்கே உட்கார்ந்தவள்தான். நான் தட்டைச் சூடு பண்ணப் பின்கட்டுக்குப் போனேன், மிண்டா மேல்கோட்டைக் கழற்றாமல் வாசலருகே நின்றாள். பரிமாறிக்கொண்டிருந்த பியூலா ஸ்ட்ரவுட் அவளைப் பார்த்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மிண்டா கத்தோலிக்கர் கோயிலுக்குப் போகிறவள், பறிக்க வந்த மெக்சிகோக்காரர்கள் எல்லாம் அங்கேதான் போகிறார்கள், அவர்களோடு படியிறங்கி வருகிறதைப் பியூலா காரிலிருந்து பார்த்திருப்பாள் போலிருக்கிறது. கையைப் பிடித்து அழைத்துப்போய், "உக்காரு கண்ணு, சீசன் பூரா ஏணி ஏறி எறங்கினவ, இன்னிக்கு ஒரு நாளாவது உக்காந்து சாப்பிடு" என்று முன்மேசையில் உட்கார்த்திப் பன்றித்தொடையை அள்ளி வைத்திருக்கிறாள். மனசில் கள்ளமில்லாமல் செய்தாள், அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது, கள்ளம் இருந்தால் திட்டியாவது இருக்கலாம். மிண்டாவுக்கு அந்த மேசையில் உட்கார்ந்ததில் ஒரு குறையும் இல்லை, பக்கத்துப் பெண்ணோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள், மேசைக்கும் கரண்டிக்கும் இவள் பாஷையிலும் மெக்சிகோக்காரர் பாஷையிலும் ஏறக்குறைய ஒரே சொல்லாம். பிறகு பியூலா காப்பியோடு வந்து, "யார் தோட்டத்துல வேலைம்மா" என்று கேட்டிருக்கிறாள். இவள், "லியோட்டா வீட்டுல இருக்கேன்" என்றிருக்கிறாள். "ஓ, லியோட்டா வீட்டு வேலைக்காரப் பொண்ணா, கொடுத்துவெச்சவ அவ, கைக்கு ஒத்தாசையா நல்ல ஆளாக் கெடச்சுது" என்று பியூலா தோளைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறாள். உன் அண்ணன் டேல் காப்பிக் கூஜாவோடு இரண்டு அடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். மிண்டா அவனை நிமிர்ந்து பார்த்திருக்கிறாள். அவன் அடுத்த கோப்பையை நிரப்பப் போய்விட்டான்.

நான் வெளியே வந்தபோது இதெல்லாம் முடிந்துவிட்டது. அவள் முன்மேசையில் உட்கார்ந்து தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டேலை ஓரமாக இழுத்து என்னவென்று கேட்டேன், சொன்னான். ஏனடா வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்றதற்கு, "நான் என்னம்மா சொல்றது, கட்டினவன் அவன், அவனே இன்னும் ஒருத்தர்கிட்டயும் சொல்லல, நான் முந்திக்கிட்டா நாளைக்கு என்கிட்டயே சண்டைக்கு வருவான்" என்றான். அவனையும் முழுக்கத் திட்ட முடியவில்லை. புது மருமகளைக் கட்டியவன்தான் கையைப் பிடித்துக்கொண்டு வந்து மண்டபத்தில் பெயர் சொல்ல வேண்டும், அதற்குமுன் அவளைப்பற்றி வேறு யாரும் பேச்செடுக்க மாட்டார்கள், அது இங்கே மரியாதை. நானும் அந்த மரியாதைக்காகத்தான் இத்தனை நாள் ஒருவரிடமும் வாய்விடாமல் இருந்தேன், நீ வருவாய், வந்து சொல்வாய் என்று. ஆகஸ்டில் வருகிறேன் என்றாய், செப்டம்பரில் என்றாய், பிறகு நண்டு சீசன் முடியட்டும் என்றாய். நாங்கள் எல்லோரும் உன் வாய் திறக்கக் காத்திருந்ததில் அவள் இந்தப் பள்ளத்தாக்கில் இரண்டு மாதமாக யாருமில்லாமல் இருந்திருக்கிறாள்.

நான் கட்டுப்போட்ட கையில் தட்டை அணைத்துக்கொண்டு போய் இனிப்பு மேசையில் வைத்தேன். பியூலா எட்டிப் பார்த்து, "லியோட்டா, ஓரமெல்லாம் கருகிட்ட மாதிரி இருக்கே, கொஞ்சம் பின்னால தள்ளி வெச்சிரவா" என்றாள். செய்தவர்கள் தங்கள் தட்டுக்குப் பின்னால் கரண்டியோடு நிற்க வேண்டும் அல்லவா, நான் முன்மேசைக்குப் போய் மிண்டாவை எழுப்பி, கோட்டைக் கழற்ற வைத்து, கூட்டிவந்து நிறுத்தினேன். கோட்டைக் கழற்றியதும் வயிறு தெரிந்தது. நான் குரலை உயர்த்தவில்லை, எனக்கு உயர்த்தத் தேவையும் இல்லை, பெல்ட்டு ஓடுகிற சத்தத்தில் முப்பது வருஷம் பேசியவள். "கருகல பியூலா, அப்படித்தான் செய்யணும், செஞ்சவ இவ. இவ லுஸ்விமிந்தா, என் மகன் ராய்ஸ் பொண்டாட்டி. ஜனவரியில எனக்குப் பேரப்பிள்ளை பெத்துத் தரப்போறா. பேரச் சொல்ல மூணு மூச்சு வேணும், எனக்கு வந்துருச்சு, உங்களுக்கும் வரும்" என்றேன். பியூலாவுக்கு முகம் சிவந்து கழுத்துவரை இறங்கியது. "எனக்கு யாருமே சொல்லலையே லியோட்டா" என்றாள், அது நியாயம்தான். அவள் தட்டை நீட்டி நின்றாள், மிண்டா பரிமாறினாள். பியூலா மறுபடியும் வந்தாள், மன்னிப்புக்கு வந்தாளா கிரிஸ்ப்புக்கு வந்தாளா என்று தெரியாது. மொத்தத்தில் பாதித் தட்டு மீந்தது, கறுப்பாக இருக்கிறது என்று கிழவர்கள் தொடவில்லை, அதை முன்மேசைப் பெண்கள் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போனார்கள்.

இதோடு சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். மறுநாள் கோயிலுக்குப் போய்வந்ததும் அவள் பெட்டியைக் கட்டில்மேல் திறந்து வைத்துத் துணி மடிக்க ஆரம்பித்தாள். அழுகை இல்லை, கோபம் இல்லை, அப்படி இருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். கோடியாக்கில் அக்கா வீட்டுக்குப் போகிறாளாம், பிள்ளையை அங்கேயே பெறுகிறாளாம். நான் கேட்டேன், நேற்றுதான் ஊர் நடுவே உன்னைப் பெயர் சொல்லி நிறுத்தினேனே, இனிமேல் என்ன குறை என்று. அவள் மடித்த துணியை வைத்துவிட்டு, "உங்க மேல ஒரு குறையும் இல்ல நானாய். நீங்க சொன்னீங்க, எனக்குச் சந்தோஷம். ஆனா நேத்து அண்ணன் பேசாமப் போனப்ப நான் வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம், ராய்ஸ் சம்சாரம்னு. சொல்ல வாய் வரல, எனக்கே சந்தேகமா இருந்துச்சு. அங்க அக்கா வீட்டுல நான் யாருன்னு யாரும் கேக்க மாட்டாங்க" என்றாள்.

இதற்கு நான் என்ன சொல்வது ராய்ஸ், நீ சொல். போகாதே என்று ஒரு தரம் சொன்னேன், நான் யாரையும் இரண்டு தரம் கேட்கிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். பிறகு திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் யோசித்தேன். அந்தப் பிள்ளையை நான் புகைப்படத்தில் பார்க்கப்போகிறேன், அதையும் நீதான் அனுப்ப வேண்டும், அப்படியென்றால் அது கல்யாண வயதுக்கு வந்தபின்தான் படம் வந்து சேரும். ஆகவே புதன்கிழமை அவளிடம் கேட்டேன், உன் அக்கா வீட்டில் கை பிசகிய ஒரு கிழவிக்கு இடம் இருக்குமா என்று. "கூட்டம் ஜாஸ்தி நானாய், நீங்க அக்காகூடத்தான் படுக்கணும். குறட்டை விட்டா அவ உதைப்பா" என்றாள். நானும் திருப்பி உதைப்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.

வரும் வெள்ளிக்கிழமை சியாட்டில் போய் அங்கிருந்து விமானம். பத்து வயதில் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தபின் நான் மலையைத் தாண்டிப் போனது இரண்டு தரம், இரண்டும் ஆஸ்பத்திரிக்கு. விமானத்தில் ஏறியதே இல்லை. டேல் தலையில் கைவைத்துக்கொண்டு, "எல்லாருக்கும் என்னம்மா ஆச்சு" என்கிறான். நாயும் வீட்டுச் சாவியும் அவனிடம் இருக்கும், கடும்பனிக்கு முன்னால் தண்ணீர்க் குழாயை அடைக்கச் சொல்லியிருக்கிறேன். நீ வேலை முடித்து அம்மா வீட்டுக்கு நேரே வந்து காலை நீட்டலாம் என்று எண்ணியிருந்தால் இங்கே அடுப்பில் தீ இருக்காது. பாஸ்டரிடமும் பத்திரிகை ஆபீசிலும் உன் கல்யாணச் செய்தியை நான் கொடுக்கவில்லை, என்னால் முடியும், வேண்டுமென்றே கொடுக்கவில்லை. அது நீ எழுத வேண்டியது, மூன்று வரி போதும், கரடிப் படம் வேண்டாம். கரையில் இருக்கும்போதே எழுதிப் போட்டுவிடு.

உலர்ந்த காலுறை போட்டுக்கொள், ஈரத்தோடு தூங்காதே, தளத்தில் இடுப்புக் கயிறு இல்லாமல் நிற்காதே, அந்தச் சமையல்காரனோடு சீட்டு ஆடாதே. உன்னைக் காக்கிற கடவுள் அங்கேயும் இருக்கிறார், அவருக்குக் கொஞ்சம் ஒத்தாசையாக நீயும் இரு. நன்றாக இருப்பாய் என் பிள்ளை, நீண்ட ஆயுசோடு இருப்பாய், உன் மேல் இருக்கிற கோபம் உன் மேல் இருக்கிற பாசத்தைவிட ஒரு விரற்கடைதான் அதிகம், இன்றைக்கு மட்டும். கோடியாக்கில் கரையிறங்கியதும் மிண்டாவின் அக்கா வீட்டுக் கதவைத் தட்டு. உன்னை அவர்கள் யாரும் இதுவரை சரியாகப் பார்த்ததில்லையாம். யார் நீ என்று கேட்பார்கள். நான் உள்ளேதான் இருப்பேன், ஆனால் எழுந்து வந்து சொல்லமாட்டேன். நீயே சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா
லியோட்டா